துப்பு துலங்காத கொலை: ‘யூஎன்’ போட்டபின் குடும்பமும் குப்பமும் என்ன செய்யலாம்? (கடலூர் – புதுச்சேரி)

கெடிலக்கரை:
முதலில் ஒரு வேண்டுகோள். ஊர் பெயர், இறந்தவர் பெயர், “அவன்தான் செய்தான்” என்கிற பெயர் எதுவும் இங்கே வரக்கூடாது. வழிமுறை மட்டும் பேசுவோம்.

நிலைமை இது. கடலூர் முதுநகரை ஒட்டிய ஒரு மீனவர் குப்பம். ஆள் காணவில்லை என்று புகார். நாலாம் நாள் உப்பனாற்று முகத்துவாரத்தில் உடல். சந்தேக மரணமாகப் பதிவாகி, பிரேதப் பரிசோதனை அறிக்கை வந்தபின் கொலையாகப் பிரிவு மாற்றப்பட்டது. தனிப்படை வந்தது, போனது. இப்போது வீட்டுக்கு ஒரு தாள் வந்திருக்கிறது: துப்பு கிடைக்கவில்லை, அதாவது ‘யூஎன்’ (அன்டிடெக்டட்), கோப்பு நீதிமன்றத்துக்கு அனுப்பப்படுகிறது என்று. குப்பம் இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடக்கிறது. கேள்வி இரண்டு: அந்தத் தாளோடு வழக்கு முடிந்ததா? ஊரைப் பழைய நிலைக்குக் கொண்டுவர முறையான வழி ஏதும் உண்டா?

மஞ்சக்குப்பம் வக்கீல்:
முடியவில்லை. ‘யூஎன்’ என்பது தீர்ப்பு இல்லை, இறுதி அறிக்கையில் ஒரு வகை, அவ்வளவுதான். கொலை நடந்தது உண்மை, செய்தவர் யார் என்று கண்டுபிடிக்க முடியவில்லை என்று பொருள். ‘மிஸ்டேக் ஆஃப் ஃபேக்ட்’ என்று போட்டிருந்தால்தான் குற்றமே நடக்கவில்லை என்று ஆகும். தாளில் எது இருக்கிறது என்று முதலில் பாருங்கள். நிறையப் பேர் இதைப் படிக்காமலே பெட்டியில் வைத்துவிடுகிறார்கள்.

வந்திருப்பது ஆர்சிஎஸ் நோட்டீஸ் (ரெஃபர்டு சார்ஜ் ஷீட்: யார் மேலும் குற்றம் சாட்டாமல் கோப்பை முடிப்பதாகப் புகார்தாரருக்குத் தரும் அறிவிப்பு). புகார் கொடுத்தவரைக் கேட்காமல் மாஜிஸ்திரேட் அந்த அறிக்கையை ஏற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1985-லேயே பகவந்த் சிங் வழக்கில் சொல்லிவிட்டது. அதனால்தான் நோட்டீஸ் வருகிறது. கையெழுத்துப் போடும்போது வெறுமனே போடாதீர்கள். “பெற்றுக்கொண்டேன், ஆட்சேபணை உண்டு” என்று தேதியோடு எழுதி, அதன் கீழே போடுங்கள். வெறும் கையெழுத்து பின்னால் “அவர்களே ஒப்புக்கொண்டார்கள்” என்று மாறும்.

அடுத்து எதிர்ப்பு மனு, அதாவது அந்த அறிக்கையை ஏற்கக் கூடாது என்று மாஜிஸ்திரேட்டிடம் கொடுப்பது. மேல்விசாரணைக்கு உத்தரவிட மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் உண்டு. பழைய சட்டத்தில் 173(8), இப்போது பிஎன்எஸ்எஸ் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 193(9). கொலைக்குக் காலவரம்பு கிடையாது. அறிக்கை ஏற்கப்பட்டபிறகும் புதுத் தடயம் கிடைத்தால் காவல்துறை திரும்ப எடுக்கலாம்.

சுண்ணாம்பாறு:
இதெல்லாம் சுற்றுவழி சார். நேராக உயர் நீதிமன்றம் போய் சிபிஐ கேட்டால் என்ன?

மஞ்சக்குப்பம் வக்கீல்:
கேட்கலாம். “மாஜிஸ்திரேட்டிடம் போனீர்களா?” என்பதுதான் அங்கே முதல் கேள்வியாக இருக்கும். 2008 சகீரி வாசு தீர்ப்புக்குப் பின் அதுதான் வரிசை. நிலையம், பிறகு எஸ்பிக்கு எழுத்தில், பிறகு மாஜிஸ்திரேட், அதன்பிறகு உயர் நீதிமன்றம். மாஜிஸ்திரேட்டிடம் போகும்போது பிரமாணப் பத்திரம் கட்டாயம். மாஜிஸ்திரேட் சிபிஐக்கு மாற்ற முடியாது. அது உயர் நீதிமன்றத்தின் வேலை. சிபிசிஐடிக்கு மாற்ற டிஜிபிக்கு மனு கொடுக்கலாம், அதற்கு நீதிமன்ற உத்தரவு அவசியம் இல்லை.

சிபிஐ என்றால் எல்லாம் முடிந்தது என்றும் நினைக்க வேண்டாம். திருச்சி ராமஜெயம் கொலை 2012 மார்ச் 29. உள்ளூர் போலீஸ், சிபிசிஐடி, 2017-ல் உயர் நீதிமன்ற உத்தரவில் சிபிஐ, 2022-ல் சிறப்புப் புலனாய்வுக் குழு. நாலு கை மாறியது. 2023 ஜனவரியில் பலருக்கு உண்மை கண்டறியும் சோதனை செய்தார்கள், அதுவும் அவரவர் சம்மதத்தோடுதான். 2010 செல்வி தீர்ப்புக்குப் பின் சம்மதமில்லாமல் நடத்த முடியாது. அமைச்சராக இருந்தவரின் தம்பி வழக்கே அப்படி.

பாகூர் ஏரி:
எதிர்ப்பக்க உதாரணமும் சொல்ல வேண்டும். விருத்தாசலம் பக்கம் 2003 ஜூலையில் முருகேசன் – கண்ணகி ஆணவக் கொலை. உள்ளூர் நிலையம் மூடி மறைத்த வழக்கு. உயர் நீதிமன்றம் சிபிஐக்கு மாற்றியது. 2021 செப்டம்பரில் கடலூர் நீதிமன்றம் 13 பேருக்குத் தண்டனை கொடுத்தது. அதில் அப்போதைய ஆய்வாளரும் உதவி ஆய்வாளரும் உண்டு. பதினெட்டு வருஷம். அங்கே கொலை செய்தவர்கள் யார் என்று ஊருக்கே தெரியும், காகிதம்தான் வரவில்லை. இங்கே யாருக்கும் தெரியவில்லை. எந்த அமைப்பிடம் போவது என்பது இந்த வித்தியாசத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டியது. உள்ளூர் காவல்துறை மேலேயே சந்தேகம் இருந்தால் சிபிஐ. தடயம் இல்லாமை மட்டும்தான் சிக்கல் என்றால், தடயம் எங்கே நழுவியது என்று முதலில் தேடுங்கள்.

ஆய்வக மேசை:
பாகூர் ஏரி சொன்ன கடைசி வரிதான் முக்கியம். கடலில் கிடைக்கும் உடல் வழக்குகள் ஏன் இப்படி நின்றுபோகின்றன என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நம் கடல் சூட்டில் உடல் முதலில் அமிழும், இரண்டு மூன்று நாளில் உப்பி மேலே வரும். அதற்குள் மீனும் நண்டும் உதடு, காது, கண்ணிமை போன்ற மென்மையான இடங்களைத் தின்றிருக்கும். தூண்டில் வளைவுக் கற்களில் அடிபட்ட காயம், புரொப்பல்லர் வெட்டு எல்லாம் சேரும். காயத்து இரத்தத்தைத் தண்ணீர் கழுவிவிடும். எது உயிரோடு இருக்கும்போது பட்டது, எது செத்தபின் பட்டது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. காயத்தின் ஓரத்துத் தசையை வெட்டி 10 சதவீத ஃபார்மலினில் போட்டு நுண்ணோக்கிப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பவில்லை என்றால் வழக்கு பாதி போச்சு.

அதே ஃபார்மலினில் டிஎன்ஏ மாதிரியையும் போட்டால் மீதி போச்சு. டிஎன்ஏவுக்குக் கடைவாய்ப் பல், தொடை எலும்பு. ஃபார்மலின் படவே கூடாது. விஷப் பரிசோதனைக்கான உள்ளுறுப்புகள் கெட்டி உப்புக் கரைசலில். எந்தக் கரைசலில் போட்டார்களோ அதிலும் ஒரு சிறு மாதிரி தனியாக அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் ஆய்வகம் திருப்பிக் கேட்கும். மூன்று ஜாடி, மூன்று விதம். இதை மாற்றிப் போடுவதுதான் நடக்கிற தவறு.

இன்னொன்று டயாட்டம் சோதனை. தண்ணீரில் இருக்கும் நுண்ணுயிர்களின் ஓடு எலும்பு மஜ்ஜைக்குள் போயிருக்கிறதா என்று பார்ப்பது. போயிருந்தால் மூச்சு இருக்கும்போது தண்ணீரில் விழுந்தவர் என்பதற்கு அது ஒரு வலு. கடல், ஆறு, குளம் ஒவ்வொன்றிலும் ஓட்டின் வகை வேறு. குளத்தில் அமுக்கிக் கடலில் போட்டிருந்தால் அது காட்டும். ஆனால் ஒப்பிட உடல் கிடந்த இடத்துத் தண்ணீர் ஒரு லிட்டராவது அன்றைக்கே எடுத்திருக்க வேண்டும். அது பெரும்பாலும் மறந்துபோகிற விஷயம், விசாரணை அதிகாரியைத் தவிர வேறு யாரும் எடுக்க மாட்டார்கள். முகத்துவாரத்தில் ஓதம் ஏறி இறங்கும், தண்ணீரே கலப்பு. ஆகவே எடுத்த நேரமும் எழுதப்பட்டிருக்க வேண்டும். எதிர்ப்பு மனுவில் “தண்ணீர் மாதிரி எடுக்கப்பட்டதா?” என்று ஒரு வரி கேளுங்கள். எந்தக் கேள்விக்கு இல்லை என்று பதில் வருகிறதோ, அதுதான் மேல்விசாரணைக்குக் காரணம்.

நீவாடு:
ஆய்வக மேசை அண்ணே, உடல் கிடைத்த இடம் வேறு, விழுந்த இடம் வேறு. நம்ம கரையில் ஐப்பசி, கார்த்திகையில் நீவாடு (கடல் நீரோட்டம்) வடக்கிலிருந்து தெற்கே இழுக்கும். மாசி, பங்குனி தாண்டினால் தெற்கிலிருந்து வடக்கே. வாடை மாதத்தில் உப்பனாற்று வாயில் கிடந்தால் தேவனாம்பட்டினம், தாழங்குடா பக்கம், அல்லது இன்னும் வடக்கே, புதுச்சேரி எல்லைக்குள் கூட விழுந்திருக்கலாம். தனிப்படை பெரும்பாலும் கிடைத்த இடத்தைச் சுற்றியே சல்லடை போடும். அந்தக் குப்பத்துப் பையன்கள்தான் அடிபடுவார்கள்.

கடலுக்குப் போனவன் வாய்ச்சொல்லை நம்ப வேண்டியதே இல்லை. ஜிபிஎஸ் கருவியில் ஓடிய தடம் இருக்கும். டீசல் பில், ஐஸ் பில், ஏலக்காரர் நோட்டு, இந்த மூன்றும் எந்தப் படகு எப்போது போனது, எப்போது கரை சேர்ந்தது என்று சொல்லிவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலமாக இருந்தால் விசைப்படகு போகவே கூடாது, அப்போது போனது எது என்பதே துப்பு. ஜிபிஎஸ்ஸில் பழைய தடம் அழிந்து புதுசு ஏறிக்கொண்டே இருக்கும், அதனால் முதல் வாரமே எழுதிக் கேட்க வேண்டும்.

ஆய்வக மேசை:
அழியும் பொருள் என்றால் வரிசை இதுதான். கண்காணிப்புக் கேமரா பதிவு பல கடைகளில் 15 முதல் 30 நாளில் மேலெழுதப்படும். செல்போன் அழைப்பு விவரத்தை நிறுவனங்கள் இரண்டு வருஷம் வைத்திருக்க வேண்டும். 2021 டிசம்பருக்கு முன் அது ஒரு வருஷம்தான். இரத்தக்கறைத் துணி நிழலில் காய்ந்து காகித உறையில் இருந்தால் பல வருஷம் தாங்கும். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டினால் பூஞ்சை பிடித்துப் போய்விடும். தானே புயலும் 2015 வெள்ளமும் பார்த்த ஊர் இது. சாட்சிப் பொருள் இப்போது எந்த அறையில், எந்த நிலையில் இருக்கிறது என்று நீதிமன்றம் மூலமாகவே கேட்டுவிடுங்கள்.

எடுத்து வைத்த விரல்ரேகைப் பதிவு மட்டும் அழியாது. சம்பவ இடத்து ரேகை எடுத்திருந்தால், 2022-ல் வந்த தேசிய விரல்ரேகைத் தொகுப்பில் மறுபடி தேடச் சொல்லலாம். அன்றைக்குப் பொருந்தாத ரேகை, பிறகு வேறு வழக்கில் பிடிபட்டவனோடு பொருந்தலாம். மேல்விசாரணை மனுவில் கேட்பதற்கு இதைவிட எளிதான கோரிக்கை இல்லை.

பாகூர் ஏரி:
நீவாடு சொன்ன எல்லைப் பிரச்சினை சின்னது இல்லை. எல்லையில் உள்ள முள்ளோடை தாண்டினால் தமிழ்நாட்டின் ரெட்டிச்சாவடி நிலையம், இந்தப் பக்கம் புதுச்சேரியின் கிருமாம்பாக்கம். சட்டம் ஒன்று, உயர் நீதிமன்றம் ஒன்று, ஆனால் காவல்துறை இரண்டு. தமிழ்நாட்டு சிபிசிஐடி புதுச்சேரிக்குள் தானாக விசாரணை நடத்தாது. இரண்டு பக்கமும் “எங்கள் எல்லை இல்லை” என்று தள்ளினால் ஜீரோ எஃப்ஐஆர் கேளுங்கள். எல்லை எதுவானாலும் பதிந்துவிட்டு மாற்றி அனுப்ப வேண்டும், பிஎன்எஸ்எஸ் 173-ல் அது எழுத்திலேயே இருக்கிறது. இரு மாநிலத் தடயம் என்று காட்ட முடிந்தால் சிபிஐ மனுவுக்கு அதுவே நல்ல காரணம். இழப்பீட்டு மனு போகும் இடமும் மாறும், புதுச்சேரிக்குத் தனிச் சட்டப்பணிகள் ஆணையம்.

கெடிலக்கரை:
இரண்டாம் கேள்விக்கு யாரும் வரவில்லையே. ஊர் விஷயம்?

பட்டறைத் தெரு:
வருகிறேன். கொலை நடந்த குப்பத்தில் முதலில் நிற்பது தொழில். உடல் அடக்கம் ஆகும் வரை படகு இறக்கக்கூடாது என்று ஊர் முடிவு, அது மரியாதை. அதற்குமேல் நீடித்தால் அது தண்டனை. தினம் ஏலம் எடுத்துக் கூடை தூக்கும் பெண்களுக்குத்தான் முதல் அடி, அவர்கள் கடன் வார வட்டிக் கடன். அடுத்து காவல் பிக்கெட், கூட்டம் கூடத் தடை. மாசி மகத் தீர்த்தவாரிக்குச் சாமி எந்தத் தெரு வழியாகப் போவது என்பதிலிருந்து சண்டை தொடங்கும். அப்புறம் கல்யாணப் பேச்சு. “அந்தத் தெருவா?” என்று ஒரு கேள்வி, அதோடு சரி. குற்றவாளி யாரென்று தெரியாதவரை தெருவே குற்றவாளி.

பஞ்சாயத்தார் இங்கே செய்யும் தவறு இரண்டு. ஒன்று, சந்தேகப்பட்டவரைக் கோவிலில் சத்தியம் செய்யச் சொல்வது, செய்யாவிட்டால் ஊர் விலக்கு. விலக்கு சட்டப்படி செல்லாது. தண்ணீர், மளிகை, ஏலம் தடுத்தால் தடுத்தவர்கள் மேல் வழக்கு வரும். இரண்டாவது இன்னும் மோசம், “ஏதோ நடந்துபோச்சு” என்று பணம் பேசி முடிப்பது. கொலை சமரசம் ஆகிற குற்றமே இல்லை. குற்றவாளியைக் காப்பாற்றப் பணம் வாங்குவது பிஎன்எஸ் (புதிய தண்டனைச் சட்டம்) 250-ன்படி தனிக் குற்றம். பேசி வைத்த ஊர்ப் பெரியவரே உள்ளே போவார்.

சரியான வழி: கோட்டாட்சியர் முன் அமைதிக் கூட்டம் கேட்பது. அங்கே கொலையைப் பற்றிப் பேசவே வேண்டாம். தொழில், சாமி வழி, பிக்கெட் எத்தனை நாள், தெருவிளக்கு, இதை மட்டும் பேசி நடவடிக்கைக் குறிப்பின் நகலை இரு தரப்பும் வாங்கிக்கொள்ள வேண்டும். “கொலையாளியை ஒப்படைத்தால்தான் பேச்சு” என்று ஆரம்பித்த கூட்டம் எதுவும் உருப்படாது.

சுண்ணாம்பாறு:
பையன்களைத் தினம் நிலையத்துக்கு வரச் சொல்கிறார்களே, அதற்கு என்ன? சிங்கப்பூருக்கு, துபாய்க்குப் போகக் காத்திருக்கிற பையன்கள் இருப்பார்கள்.

மஞ்சக்குப்பம் வக்கீல்:
சாட்சியாக அழைப்பதற்கு எழுத்தில் ஆணை வேண்டும், பிஎன்எஸ்எஸ் 179. பதினைந்து வயதுக்குக் கீழ், அறுபதுக்கு மேல் உள்ள ஆண்கள், எந்த வயதுப் பெண்ணும், மாற்றுத்திறனாளிகளும் நிலையத்துக்கு வரவேண்டியதில்லை, வீட்டிலேயே விசாரிக்க வேண்டும். வாய்மொழியாகக் கூப்பிட்டால் மறுக்கச் சொல்லவில்லை. போகும்போது யாரோடு, எத்தனை மணிக்குப் போனோம் என்று எஸ்பி அலுவலகத்துக்கு ஒரு பதிவுத் தபால் போட்டுவிட்டுப் போங்கள். பாஸ்போர்ட்டுக்கு எஃப்ஐஆர் மட்டும் தடை இல்லை. நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இருந்தால்தான் சிக்கல். சரிபார்ப்புக்கு வருபவர் “விசாரிக்கப்பட்டவர்” என்று எழுதினால் எழுத்தில் விளக்கம் கொடுங்கள்.

முத்தியால்பேட்டை:
சாட்சிகள் பற்றி யாரும் பேசவில்லை. காஞ்சிபுரம் கோவில் மேலாளர் சங்கரராமன் கொலை 2004-ல் நடந்தது. உச்ச நீதிமன்றம் வழக்கைப் புதுச்சேரிக்கு மாற்றியது. 189 சாட்சிகள் விசாரிக்கப்பட்டார்கள், 83 பேர் பிறழ் சாட்சி. 2013 நவம்பர் 27-ல் 23 பேரும் விடுதலை. அதனால் ஊரில் யாருக்காவது ஏதாவது தெரியும் என்றால், நிலையத்தில் எழுதும் வாக்குமூலத்தோடு நிற்காமல் மாஜிஸ்திரேட் முன்னால் பிஎன்எஸ்எஸ் 183-ல் பதிய வைக்கச் சொல்லுங்கள். பயம் இருந்தால் 2018 சாட்சிப் பாதுகாப்புத் திட்டம் இருக்கிறது. மாவட்ட நீதிபதி தலைமையில் குழு, அரசு வழக்கு நடத்துநர் வழியாக மனு, டிஎஸ்பி ஐந்து வேலை நாளில் அச்சுறுத்தல் அறிக்கை தர வேண்டும். பாதுகாப்பு ஒரு தடவைக்கு மூன்று மாதம் வரை. படகுக்காரரைக் கடலில் பாதுகாப்பது எப்படி என்று கேட்காதீர்கள், அது திட்டத்தில் இல்லை.

கணக்குப்பிள்ளை:
நான் பணத்தைப் பற்றி மட்டும். குற்றவாளி கிடைக்காவிட்டால் இழப்பீடு இல்லை என்பது தவறு. பிஎன்எஸ்எஸ் 396(4), பழைய 357ஏ(4): குற்றவாளி அடையாளம் தெரியாமல் நீதிமன்ற விசாரணையே நடக்காத வழக்கில், சார்ந்திருந்தவர்கள் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரடியாக மனுப் போடலாம். இரண்டு மாதத்தில் விசாரித்து முடிக்க வேண்டும். ‘யூஎன்’ தாள் இங்கேதான் உதவும், அதைக் கிழித்துப் போடாதீர்கள். இணைக்க வேண்டியவை: முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனைச் சான்று, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, ஆதார், வங்கிப் புத்தக நகல். வாரிசுச் சான்றுக்கு இ-சேவையில் இன்றைக்கே பதியுங்கள், தாமதம் ஆவது அங்கேதான்.

வங்கிக் கணக்கில் வருஷம் 20 ரூபாய் பிடிக்கிறார்களே, பிரதமர் சுரக்ஷா பீமா. கொலைக்கும் 2 லட்சம் உண்டு. பாஸ்புக்கில் அந்த 20 ரூபாய் பிடித்த பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். ஆயுள் காப்பீட்டில் நியமனதாரர் மேல் சந்தேகம் இல்லை என்று காவல்துறை எழுதித் தரும்வரை நிறுவனம் இழுக்கும். அந்தக் கடிதத்தை நிலையத்தில் தனியாக எழுதிக் கேட்க வேண்டும்.

பட்டியல் சாதியினர் என்றால் வன்கொடுமை விதிப்படி கொலைக்கு நிவாரணத் தொகை உண்டு: பாதி பிரேதப் பரிசோதனைக்குப் பின், பாதி குற்றப்பத்திரிகை நீதிமன்றம் போனதும். ஆனால் கொன்றவர் யாரென்றே தெரியாதபோது அந்தச் சட்டப் பிரிவையே சேர்க்க மாட்டார்கள். முதல் பாதியும் நிற்கும். வழக்கு துலங்காததன் விலை இது.

கெடிலக்கரை:
எல்லாருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று. நகல் மனுவில் எதையெல்லாம் கேட்க வேண்டும் என்று ஒரே இடத்தில் எழுதிவிட முடியுமா, வக்கீல் சார்?

மஞ்சக்குப்பம் வக்கீல்:
முதல் தகவல் அறிக்கை, சந்தேக மரணத்தைக் கொலையாக மாற்றிய பிரிவு மாற்ற அறிக்கை, பார்வை மகஜர் (சம்பவ இடத்தைப் பார்த்து எழுதிய குறிப்பு), அந்த இடத்தின் மாதிரி வரைபடம், பிரேத விசாரணை அறிக்கை, பரிசோதனைச் சான்று, படிவம் 95-ல் நீதிமன்றத்துக்கு அனுப்பிய பொருள்களின் பட்டியல், ஆய்வக அறிக்கைகள், சாட்சி வாக்குமூலங்கள், இறுதி அறிக்கை. வழக்கு நாட்குறிப்பைக் கேட்காதீர்கள், கிடைக்காது. அதைச் சாக்கிட்டு முழு மனுவையும் திருப்புவார்கள். முதலில் பார்க்க வேண்டியது படிவம் 95-ன் தேதி. பொருள் கைப்பற்றிய நாளுக்கும் நீதிமன்றம் போன நாளுக்கும் நடுவே எத்தனை நாள் என்று எண்ணுங்கள். பிறகு ஆய்வக அறிக்கையைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு பொருளாக டிக் அடியுங்கள். அனுப்பிய பட்டியலில் இருந்து அறிக்கையில் இல்லாத பொருள் ஏதாவது இருந்தால், எதிர்ப்பு மனுவின் முதல் பத்தி அதுதான்.

ஆய்வக மேசை:
அறிக்கை விழுப்புரம் வட்டார ஆய்வகத்துடையதா, சென்னையுடையதா என்றும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே வழக்குப் பொருள் இரண்டு இடத்துக்கும் பிரிந்து போயிருந்தால், ஒரு அறிக்கை மட்டும் கோப்பில் சேர்ந்து இன்னொன்று அங்கேயே கிடக்கலாம். ஆய்வக எண் தெரிந்தால் தேடி எடுக்கலாம்.